பொதுப் பண்பாடு யாருக்குச் சொந்தம்?

பிரசை என்பவன் சட்டத்தினால் ஆக்கப்படுகிறானா, பண்பாட்டினால் ஆக்கப்படுகிறானா என்ற வினா புதியதன்று. ஆயினும், பல மொழிகளும் பல அரசுகளும் கொண்ட ஐரோப்பாவிலே அவ்வினா அண்மைக் காலத்திற் புத்துயிர் பெற்றுள்ளது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளின் பிரசைகள் யாவரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரசைகளுமாக்கிற்று. வேற்று உறுப்பு நாட்டில் வசிக்கவும், வசிக்கும் ஊரின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் உரிமை கிடைத்தது. உரிமை கிடைத்தது, உணர்வு கிடைத்ததா?

1992 ஜூனில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் டென்மார்க் மக்களில் 50.7 வீதத்தினர் அவ்வுடன்படிக்கையை நிராகரித்தனர். ஒன்றியப் பிரசாவுரிமை உட்பட நான்கு விடயங்களில் விலக்குப் பெற்ற பின்னரே, அடுத்த ஆண்டு மே மாதம் அதனை ஏற்றனர். வளர்ந்தோர் கல்வியின் தாயகமெனப் போற்றப்படும் நாடு அது. ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வளர்ந்தோர் கல்வித் திட்டத்திற்குக் கூட குருண்ட்விக் என்ற டேனியரின் பெயரே சூட்டப்பட்டது. இம்முரண்பாட்டை நாம் ஊன்றி நோக்குதல் தகும்.

சமயகுருவும் கவிஞருமான குருண்ட்விக் (1783-1872) வாழ்ந்த காலத்தில், டேனிய மன்னன் அமைத்த ஆலோசனைச் சபைகளிலே குடியானவர்களும் அமர நேர்ந்தது. ஏர் பிடித்தவன் அரசியல் பேசுவதாயின் அவனுக்கு எத்தகைய கல்வி வேண்டும்? லத்தீனையும் மனனத்தையும் நம்பியிருந்த பள்ளிகளை அவர் உயிரற்றவையெனக் கண்டித்தார். தாய்மொழியிலே, உயிருள்ள சொல்லால், ஆசிரியனும் மாணவனும் உரையாடிக் கற்க வேண்டுமென்றார். 1844இல் ரொடிங் என்னும் ஊரில் முதலாவது மக்கள் உயர்பள்ளி தோன்றிற்று. காலப்போக்கில் நாடெங்கும் பரவிய இப்பள்ளிகளில் குடியானவ இளைஞர் தங்கி வாழ்ந்து கற்றனர். பரீட்சை இல்லை. பரீட்சையையே கல்வியென மயங்கும் நம்போன்ற ஆசிரியர்க்கு இது ஒரு பாடம். 1882இல் தொடங்கிய கூட்டுறவுப் பாற்சாலை இயக்கத்தின் முன்னோடிகளிற் பலர் இப்பள்ளிகளிற் பயின்றவர்கள். பசுக்களின் தொகைக்கேற்ப அன்று, ஆளுக்கொரு வாக்கு என்பதே பாற்சாலையின் நெறி. பிரசையை உருவாக்குதல் என்பதன் பொருள் இதுவே.

ஆயின், 'மக்கள்' என்று குருண்ட்விக் கூறியபோது டேனிய மக்களையே கருதினார். ரொடிங் பள்ளி, ஷ்லெஸ்விக் பிரதேசத்தில் ஜெர்மன் மொழியின் ஆதிக்கத்துக்கெதிராக டேனிய மொழியைக் காக்கும் போராட்டத்திலே பிறந்தது. காவலுக்கு எழுப்பிய மதில், பின்னர் வருபவனுக்கு அடைத்த கதவாகவும் ஆகலாம்.

நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. 1987இல் டென்மார்க்கின் நீதி அமைச்சர், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் அங்கு வந்து சேர்வதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகத் தேக்கி வைத்தார். விசாரணை அறிக்கையின் விளைவாக 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகிற்று. 1995இல் அவ்வமைச்சர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. வாக்குரிமையற்ற அந்நியருக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசாங்கம் வீழ்ந்தது சிறிய செய்தியன்று. எனினும், பரீட்சையற்ற பள்ளியைத் தந்த அதே நாடு, 2007 முதல் பிரசாவுரிமை கோருவோர்க்கு அந்நாட்டின் வரலாற்றிலும் பண்பாட்டிலும் பரீட்சை வைக்கிறது. பொதுப் பண்பாடு வாயிற்காவலன் கையிலுள்ள வினாத்தாளாகி விட்டது.

இதற்கு மாறான மரபொன்றும் ஐரோப்பாவில் உண்டு. இங்கிலாந்திலே 1903இல் தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம், உழைப்பவனுக்குப் பல்கலைக்கழகத் தரமான கல்வி வேண்டுமெனக் கோரிற்று. வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1948 முதல் யோர்க்ஷயர்ப் பகுதியில் வளர்ந்தோர் வகுப்புகளை நடத்தினார். ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் வெளிவந்த அவரது பெருநூல் அக்காலத்தின் அறுவடையே. வளர்ந்தவன் வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை. தன் தொழிலையும் துயரையும் நினைவையும் சுமந்து வருகிறான். ஆசிரியன் அதனைக் கேட்கத் தெரிந்தவனாயின், இருவரும் சேர்ந்து அதுவரை இல்லாத ஒன்றை ஆக்குகின்றனர். அதுவே பொதுப் பண்பாடு.

குருண்ட்விக் பெயர் தாங்கிய திட்டம் 2013உடன் முடிவுற்று, ஒன்றியத்தின் பொதுவான கல்வித் திட்டத்தினுள் அடங்கிற்று. இன்று அதிகாரிகளின் நாவிலே 'திறன்', 'வேலைவாய்ப்பு' ஆகிய சொற்களே மிகுதி. வேலைத்திறன் வேண்டாமென எவரும் சொல்லார். ஆனால், கைக்கு மட்டும் கல்வி தந்து வாயை மறப்பது பிரசையை ஆக்கும் வழியன்று.

ஒன்றியச் சட்டத்தின்படி, உறுப்பு நாடொன்றின் பிரசையல்லாதவன் எத்தனை ஆண்டுகள் அங்கே உழைத்தாலும் ஒன்றியத்தின் பிரசையாகான். அவனிடம் முதலிற் பண்பாட்டைக் கற்றுவா, பின்னர் உரிமை தருவோம் என்பது, நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்பதை ஒக்கும். பண்பாடு உரிமைக்குச் செலுத்தும் கட்டணமன்று. சமமாகச் சேர்ந்து வாழ்வதன் விளைவு. மாலை வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்நியத் தொழிலாளி எழுந்து, "உங்கள் வரலாற்றில் என் இடம் எது?" என்று கேட்கும்போது, அவ்வினாவுக்கு அங்கே இடமிருக்கின்றதா என்பதே ஐரோப்பியப் பிரசாவுரிமையின் உண்மையான உரைகல்.