கெரசா ஊராரின் அச்சம்



கெரசேனர் நாட்டில் ஆண்டவர் பேயோட்டிய புதுமையைக் கேட்டவர்களுக்குப் பன்றிகள் கடலில் வீழ்ந்த கதை மறக்காது. ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் 15ஆம் வசனத்தை நிதானமாய் வாசித்தவர்கள் சிலரே. கல்லறைகளிடையே இரவும் பகலும் அலறித் திரிந்தவன் இப்பொழுது ஆடை உடுத்தி, புத்தி தெளிந்து, அமைதியாய் அமர்ந்திருக்கிறான். ஊரார் வந்து பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்களுக்கு வந்தது மகிழ்ச்சியல்ல, அச்சம்!

சங்கிலியை முறித்துக்கொண்டு ஓடிய நாட்களில் அவனுக்கு அஞ்சியதில் நியாயமுண்டு. சுகமடைந்தவனைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? ஆண்டவரின் வல்லமையைக் கண்ட பயம் என்று வேத விற்பன்னர்கள் விளக்கம் தருவார்கள். அதுவும் சரியே. ஆயினும் நம்முடைய ஊர்களைப் பார்க்கும்போது இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ஒருவனுக்கு "விசரன்" என்று ஒரு தடவை பேர் வைத்துவிட்டால், நோய் போன பிறகும் அந்தப் பேரை எடுத்துவிட ஊருக்கு மனம் வருவதில்லை.

பிலிமத்தலாவையில், பித்தளைச் சாமான் கடைகள் நிற்கும் கண்டி வீதியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலை. மனநோய்க்கு அங்கே கிளினிக் உண்டு, கண்டியிலும் உண்டு. அரசாங்க வைத்தியசாலை, காசு கேட்பாரில்லை. அப்படியிருந்தும், தெரிந்தவர் எவரும் கண்டுவிடக் கூடாதென்று வேறு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியைக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் ஒளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலியாணப் பந்தியில் "எனக்குச் சீனி வருத்தம், இனிப்பு வேண்டாம்" என்று உரக்கச் சொல்லுகிற நமக்கு, "மகளுக்கு மனச்சோர்வு, மருந்து எடுக்கிறாள்" என்று சொல்ல நா எழுவதில்லை.

ஏன்? நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அவளோடு நிற்காது, தங்கைமாரின் கலியாணமும் தடைப்படும். பெற்றோரின் இந்தப் பயம் பொய்யல்ல, ஆகையால் அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. விசாரிக்கிறவர்கள் யார்? பூசைக்கு வந்து பக்கத்து வாங்கில் இருக்கிற நாம்தானே!

மறைப்பதனால் வருகிற கேடு பெரிது. சற்றுச் சுகம் கண்டதும், யாருக்கும் தெரியாமல் முடிந்ததே என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதத்தில் நோய் திரும்புகிறது. உடனே, "பார்த்தீர்களா, இது தீராத வியாதி" என்று ஊர் தீர்ப்புச் சொல்லுகிறது.

அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர். 1926ஆம் ஆண்டில் அங்கே மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2008இல் அது தேசிய மனநல நிறுவகம் ஆயிற்று. நம் வாயிலோ அது இன்னும் வசைச்சொல். பள்ளிப் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் ஏச அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள், பெரியவர்கள் கேட்டுச் சிரிக்கிறோம். 2005இல் மனநலக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டு, சிகிச்சையை மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்குப் பரவலாக்கும் வேலை நடந்தது. வைத்தியம் நம் வாசலுக்கு அருகில் வந்துவிட்டது. நம் பேச்சுத்தான் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"சுவாமி, இது மருந்துக்கு அடங்காது, பேயின் வேலை" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எந்தக் குருவானவரும் பேயோட்டும் சடங்கை நடத்தலாகாது என்பது திருச்சபைச் சட்டம். 1999இல் வெளிவந்த புதிய சடங்குமுறையும், நோயாளியைப் பேய் பிடித்தவராக எண்ணிவிடாதபடி எச்சரிக்கிறது. செபமாலையை விடும்படி நான் சொல்லவில்லை. செபமாலையும் சொல்லுங்கள், நேரத்துக்கு மாத்திரையும் கொடுங்கள்.

இன்னொரு காரியம் உண்டு, சொல்லக் கடினமானது. 1995ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டபின், பத்து ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆகவே அந்தச் சாவுகளைத் தலைவிதி என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கொடிய வேளையைக் கடக்கக் கைகொடுத்தால் மனிதன் பிழைத்துக்கொள்ளுகிறான். நாட்டின் சட்டம் 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முன்னரே, இப்படி இறந்தோருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. கடும் மனக்குழப்பம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய ஈடேற்றத்தைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. இத்தனைக்குப் பிறகும், அவ்விதம் ஒரு பிள்ளையை இழந்த வீட்டுக்குச் செபம் சொல்லப் போகக் கால் தயங்குகிறதே! அந்தத் தாய்க்கு என்ன சொல்லுவது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். போய் அருகில் இருங்கள்.

சுகமடைந்த கெரசா மனிதன் ஆண்டவரோடு படகில் ஏற விரும்பினான். அந்த ஊரில் இனி யார் இருப்பார்கள்? ஆண்டவரோ அவனை அவனுடைய வீட்டுக்கும் உறவினரிடத்துக்குமே அனுப்பினார். அவனை ஏற்றுக்கொள்ளுவது அவர்களுடைய கடமை என்பது போல.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றொரு சிற்றூர். புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த மனநோயாளரைப் பல நூற்றாண்டுகளாக அவ்வூர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளிலேயே வைத்துப் பராமரித்து வந்தன. 1930களில் 3,500க்கும் அதிகமான நோயாளர் அப்படி அவ்வூரில் வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பத்தார் வைத்தியரல்லர், கமக்காரரும் கடைக்காரருமே. நம் நாட்டிலும் 1974இல் தொடங்கிய "சுமித்ரயோ", மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கச் சாதாரண மக்களையே பயிற்றுவித்தது. கண்டி உட்படப் பல ஊர்களில் அதற்குக் கிளைகள் அமைந்தன. புத்திமதி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பதுதான் அவர்களுடைய தொண்டு. நம்மில் பலருக்கு, குருக்களாகிய எங்களையும் சேர்த்துத்தான், அது மிகக் கடினம்.

வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் வீடுகளுக்கும், மரியாயின் சேனையார் நோயாளரிடத்துக்கும் ஏற்கெனவே போய் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குத் துணை போகலாம். நாட்சம்பளத்தை இழந்து பிள்ளையைக் கூட்டிச் செல்லும் தாய்க்கு அது பெரிய உதவி. உலக மனநல நாளாகிய ஒக்டோபர் 10 செபமாலை மாதத்திலேயே வருகிறது. அதையொட்டிய ஞாயிறு பூசைக்குப் பின் மனநல வைத்தியர் ஒருவரைப் பங்கு மண்டபத்துக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டில் எழுதிக் கொடுக்க வழி செய்யுங்கள், எழுந்து நின்று கேட்க எவருக்கும் துணிவு வராது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926, அந்த வைத்தியசாலை திறந்த ஆண்டேதான். அதைக் கோயில் அறிவித்தல் பலகையில், கலியாண ஓலைகளுக்குப் பக்கத்தில், தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதிவையுங்கள். கிட்டே வந்து நின்று வாசிக்க வெட்கப்படுகிறவர்களுக்கு அது உதவும்.