மூடிய ஓடை



கொரியா தேசத்துச் சியோல் நகரின் நடுவே சோங்கியேச்சோன் என்றோர் ஓடை உண்டு. சாக்கடையாய் நாறிய அதை 1958 முதல் சிமெண்டால் மூடி, அதன்மேல் மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். 2003-ல் அச்சாலையை இடிக்கத் துவக்கி, 2005-ல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரம் ஓடையைத் திறந்துவிட்டார்கள். மீனும் பறவையும் திரும்பின. ஜனங்கள் கரையில் காற்று வாங்குகிறார்கள். ஆயினும் தானாய் வரும் நீர் போதாமையால், இன்றும் பெரும்பாலும் ஹான் நதித் தண்ணீரை இயந்திரத்தால் இறைத்தே விடுகிறார்கள்.

பிரியமானவர்களே, பாவசங்கீர்த்தனத்தோடு நம் கடமை முடிவதில்லை, பரிகாரமும் உண்டு. சர்வேசுரன் சிருஷ்டித்த நீர்நிலைக்குச் செய்த அநியாயத்துக்கும் அப்படியே: ஒருநாள் திறப்புவிழா போதாது, நாள்தோறும் பிரயாசை வேண்டும். நம் வீட்டுக் குப்பை இனி வாய்க்காலில் விழாதபடி பார்ப்பதே நமது பரிகாரத்தின் துவக்கமாகக்கடவது. ஆமென்.