மமதை நீங்கிய தாய்மை

பாட்டி மறைந்த இல்லத்தில் துக்கம் இரு வகையில் எழுகிறது. 'எங்கள் பாட்டி எங்களை விட்டுப் போய்விட்டாரே' என்ற ஏக்கம் ஒன்று. 'அவர் செய்துவந்ததை இனி யார் செய்வார்கள்?' என்ற கவலை மற்றொன்று. முன்னது கண்ணீரோடு நின்றுவிடுகிறது. பின்னது நம்மைச் செயலுக்கு அழைக்கிறது.

2022 ஜனவரி 4-ஆம் நாள் புனே நகரில் சிந்துதாய் சப்காள் தமது 73-ஆம் வயதில் மறைந்தபோது, ஒரு பெருங்குடும்பமே இவ்விரு துக்கங்களையும் ஒருங்கே அனுபவித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆதரவற்ற குழந்தைகளுக்கு அவர் தாயாக இருந்தார். 'மாயி' என்று அவரை அழைத்து வளர்ந்த அக்குழந்தைகளின் பிள்ளைகளுக்கு அவரே பாட்டி.

1948-இல் வார்தா மாவட்டத்தில் பிறந்த அவருக்கு வீட்டார் இட்ட பட்டப்பெயர் 'சிந்தி'. மராத்தியில் கந்தல் துணி என்று பொருள். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுமியாக இருந்தபோதே மணமுடித்து வைத்தனர். நிறைமாதக் கர்ப்பிணியாகக் கணவரால் விரட்டப்பட்டு, மாட்டுத் தொழுவத்தில் தனியாகப் பெண் மகவை ஈன்றார். ரயில் நிலையங்களில் பாடிப் பிச்சை எடுத்தார். அங்கே தம்மைப் போலவே கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டு, கிடைத்ததை அவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

அவர் வாழ்வின் கடினமான சோதனை அதன் பிறகே வந்தது. தாம் பெற்ற மகளும் உடனிருந்தால் மற்றக் குழந்தைகளிடம் பாரபட்சம் தோன்றிவிடுமோ என்று அஞ்சி, மகளைப் புனேயிலுள்ள தகடூசேட் ஹல்வாய் அறக்கட்டளையின் பராமரிப்பில் விட்டார். அம்மகளின் பெயர் மமதா. 'மமதா' என்றால் பாசம். 'எனது' என்னும் பற்றும் அதுவே. 'மம' என்ற வடசொல்லுக்கு 'என்னுடைய' என்பது பொருள். கீதையின் 12-ஆம் அத்தியாயம் பக்தனின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, நட்பையும் கருணையையும் சொன்ன கையோடு மமதையின்மையையும் சொல்கிறது. 'எனது' என்பது அகலும்போதுதான் அன்பு எல்லோருக்கும் உரியதாகிறது.

பெற்ற மகளைப் பிரிவது எல்லோருக்கும் விதிக்கப்பட்ட தர்மம் ஆகுமா? ஆகாது. அத்தாய்க்கும் மகளுக்கும் அது எளிதாக இருந்திருக்கவும் முடியாது. இல்லறத்தாரிடம் கேட்கப்படுவது பிரிவு அன்று, விரிவு. தன் பிள்ளையிடம் வைத்த அன்பைக் குறைக்க வேண்டியதில்லை. அந்த அன்பு வீட்டு வாசலோடு நின்றுவிடாதிருந்தால் போதும்.

பல்லாண்டுகளுக்குப் பின், முதுமையில் கணவர் மன்னிப்புக் கேட்டு வந்து நின்றார். சிந்துதாய் அவரை விரட்டவில்லை. இனித் தாம் தாய் மட்டுமே என்று கூறி, அவரையும் ஒரு குழந்தையாகவே ஏற்றுக்கொண்டார். மமதை கரைந்த உள்ளத்தில் பகைக்கும் இடமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2021-ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடந்தது. ஆயினும் அவருக்கு உண்மையான அஞ்சலி, அவர் வளர்த்த பிள்ளைகள் பிறர் பிள்ளைகளுக்கு நீட்டும் கரமே.

'சிராத்தம்' என்ற சொல் 'சிரத்தை'யிலிருந்து பிறந்தது. நம் இல்லங்களிலும் பாட்டியின் நினைவு நாள் வருகிறது. படத்திற்கு மாலை சூட்டி, அவருக்குப் பிடித்த பலகாரத்தைப் படைக்கிறோம். அன்று நம் பேரன் பேத்திகளின் பந்தியில், யாருமற்ற ஒரு குழந்தைக்கும் இலை போடுவோம். அந்தக் குழந்தை உண்ணும்போது 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்று எவரேனும் கேட்டால், 'நம் வீட்டுப் பிள்ளை' என்று தயங்காமல் சொல்லும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!