மலையின் எல்லையை வரைவது யார்?

ஒடிசாவின் நியம்கிரி மலைத்தொடரை, தங்கள் தெய்வமான நியமராஜாவின் உறைவிடமாக டோங்ரியா கோந்த் பழங்குடியினர் வணங்குகிறார்கள். அதன் உச்சியில்தான் பாக்சைட் படிந்திருக்கிறது. லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் நிறுவிய அலுமினா ஆலைக்காக அதை வெட்டியெடுக்க மாநில அரசின் சுரங்கக் கழகம் முனைந்தது. வழிபாட்டிடம் சுரங்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் சமய உரிமைக்குப் பாதிப்பில்லை என்பது சுரங்கத் தரப்பின் வாதம். கருவறையைத் தொடாமல் கோபுரத்தையும் குளத்தையும் எடுத்துக்கொள்கிறோம் என்று எந்த ஊரிலாவது சொல்ல முடியுமா? மலையின் தெய்வத்தன்மை ஒரு கல்லிலோ குகையிலோ அடங்குவதில்லை. ஓடைகளும் காடும் விளைநிலமும் அதே தெய்வத்தின் ஆட்சிக்குள் இருக்கின்றன. அங்கே ஒரு புள்ளியைக் குறித்து, மீதியை வெறும் நிலமாக்குவது வழிபடுபவரின் சமயத்தை வெளியாள் திருத்தி எழுதுவதாகும்.

எல்லாரும் இப்படிச் சொல்லத் தொடங்கினால் எந்தத் தொழிலும் நடக்காது, மதச்சார்பற்ற அரசு நம்பிக்கைக்கு முன் மண்டியிடலாமா என்று கேட்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் புனிதம் என்ற உரிமைகோரலை உரசிப் பார்க்க ஒரு வழி உண்டு: அதைச் சொல்பவர் அதற்காக எதைத் துறந்திருக்கிறார் என்று பார்ப்பது. உச்சிக் காட்டை வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை டோங்ரியா மக்கள் தங்கள்மேலேயே சுமத்திக்கொண்டவர்கள். கடமை சுமக்காத உரிமைகோரலுக்கு இந்த எடை கிடையாது. நாட்டுக்கு அலுமினியம் வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தேவையின் முழு விலையையும் ஒரு சிறு சமூகம் மட்டும் செலுத்த வேண்டும் என்பதற்கு அதில் நியாயம் இல்லை. சுரங்கம் வந்தால் பள்ளியும் மருத்துவமனையும் வரும் என்பார்கள்; அவை குடிமக்களுக்கு ஏற்கெனவே உரியவை. மலையை விட்டுக்கொடுத்தால்தான் அவை வரும் என்பது பேரம்.

2013 ஏப்ரல் 18 அன்று இந்தச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், மலை தெய்வமா என்று தானே தீர்ப்புச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்தக் கேள்வியைக் கிராம சபைகளிடம் விட்டது. மாநில அரசு தேர்ந்தெடுத்த 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014இல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. இதை மதத்திற்கு அரசு பணிந்ததாகக் கொள்வது பிழை. எது புனிதம் என்று விதிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று அரசு ஒப்புக்கொள்வதே மதச்சார்பின்மை. அந்த அதிகாரம், புனிதத்தின் கடமைகளைத் தலைமுறைகளாகச் சுமப்பவர்களுக்கே உரியது.