நேர்வழியில் நிற்பவனுக்கும் நேர்வழி தேவை



ஐவேளைப் பர்ளுத் தொழுகைகளில் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள் உள்ளன. அவற்றில் அல்ஹம்து சூராவை ஓதும்போதெல்லாம், நம்மை நேரான வழியில் நடத்தும்படி வல்ல நாயனிடம் இறைஞ்சுகிறோம். “நான் முஸ்லிமாகவே இருக்கிறேன், தொழுகையிலேயே நிற்கிறேன். நேர்வழியில் நிற்கிறவன் நேர்வழியை இத்தனை தடவை கேட்பானேன்?” என்று சில இளைஞர்கள் வினவுகிறார்கள். நல்ல கேள்விதான். விடைக்காகச் சற்று வானத்தை நோக்குவோம்.

பூமியைச் சுற்றிவரும் செயற்கைத் துணைக்கோள்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. அவ்வளவு உயரத்தில் பூமியின் இழுப்பு இல்லை, ஆகவேதான் அவை விழுவதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு இருக்கிறது. துணைக்கோள் ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது! ஆனால் அது விநாடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கியும் ஓடுகிறது. அது எவ்வளவு கீழே விழுகிறதோ, அவ்வளவுக்கு உருண்டையான பூமியின் தரையும் வளைந்து விலகிவிடுகிறது. ஆகவே விழுந்தும் தரையைத் தொடாமல், ஏறத்தாழ 92 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருகிறது.

தூரம் கூடக் கூட வேகம் குறையும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகம்தான். அங்கே ஒரு சுற்றுக்குப் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமே ஆவதால், துணைக்கோள் ஒரே இடத்திற்கு மேலே நிற்பதுபோல் தோன்றும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய துணைக்கோள்கள் பல அங்கேதான் உள்ளன. நம் நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை காட்டும் சந்திரனோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வெள்ளி இரவுகளில் நம் இல்லங்களில் ஓதப்படும் யாசீன் சூராவிலும், சூரியனுக்கும் சந்திரனுக்கும் அவற்றிற்குரிய பாதைகளை அல்லாஹ் வகுத்திருக்கும் செய்தி வருகிறது.

சரி, பாதையில் ஏற்றிவிட்ட துணைக்கோள் என்றென்றும் அதே பாதையில் நிற்குமா? நிற்காது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, காற்று. பல நூறு கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது சிறுகச் சிறுக உரசி வேகத்தைக் குறைக்க, துணைக்கோள் கீழே இறங்கிக்கொண்டே வரும். 1957 அக்டோபர் 4ஆம் தேதி ரஷ்யர்கள் ஏவிய முதல் துணைக்கோளான ஸ்புட்னிக், மூன்றே மாதத்தில் இறங்கி எரிந்து போனது. 1973இல் அமெரிக்கர்கள் ஏவிய ஸ்கைலாப் எழுபது டன்னுக்கும் அதிகமான எடையுடையது. சூரியனில் கொந்தளிப்பு மிகுந்து மேல்காற்று சூடேறிப் பரந்தது, உராய்வு கூடியது. எதிர்பார்த்ததற்கும் முன்பாகவே, 1979 ஜூலை 11ஆம் தேதி அது விழுந்து, இந்துமாக் கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. கண்ணுக்குத் தெரியாத காற்று அத்தனை பெரிய பொருளைச் சாய்த்துவிட்டது.

இரண்டாவது, பூமி சீரான உருண்டை அன்று. நடுவே சற்றுப் புடைத்திருக்கிறது. அதனால் சுற்றுப்பாதையின் தளம் மெல்லத் திரும்பும். மூன்றாவது, சூரியனும் சந்திரனும் தத்தம் பக்கம் இழுக்கின்றன. காற்றே இல்லையெனலாம்படியான 36,000 கிலோமீட்டர் உயரத்திலும் இந்த இழுப்பினால் துணைக்கோள் தன் இடத்தை விட்டு நகரும்.

ஆகவே விஞ்ஞானிகள் அதனுள் சிறு எஞ்சின்களும் எரிபொருளும் வைத்து அனுப்புகிறார்கள். விலகல் சிறிதாக இருக்கும்போதே அவற்றைச் சற்று இயக்கித் திருத்துகிறார்கள். ஒரு தடவை திருத்தினோம், போதும் என்று விட்டுவிடுவதில்லை. அதன் ஆயுள் முழுதும் திருத்துகிறார்கள். 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட நம் நாட்டின் இன்சாட்-1ஏ பல ஆண்டுகள் பணிபுரிய வேண்டியது. நிலைதிருத்தும் எரிபொருள் தீர்ந்துவிட்டதால், அதே ஆண்டு செப்டம்பரிலேயே அதைக் கைவிட நேர்ந்தது.

சகோதரர்களே! இப்போது நம் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். “இன்று முதல் தொழமாட்டேன்” என்று முடிவு செய்து தொழுகையை விட்டவர் நம்மில் எத்தனை பேர்? அநேகமாக எவருமில்லை. முதலில் வியாபார நெருக்கடியில் ஜமாஅத் தவறுகிறது. பிறகு வக்தின் கடைசியில் அவசரமாகத் தொழுகிறோம். சுபுஹு களாவாகிறது. ‘பிறகு தொழுதுகொள்ளலாம்’ என்கிறோம். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை. பெரும் பாவம் எதுவும் நம்மைத் தள்ளிவிடவில்லை. மெல்லிய காற்றுப் போன்ற தூக்கமும் சோம்பலும் வீண்பேச்சும் கைபேசியுமே நம்மை இறக்கிவிட்டன. தந்தையை முஸல்லாவில் கண்டறியாத பிள்ளை, தான் எந்தப் பாதையிலிருந்து விலகினோம் என்பதைக்கூட அறியாது வளர்கிறது. இதுவல்லவா பெரிய நஷ்டம்?

நேர்வழியில் நிற்பவன் அதை மீண்டும் மீண்டும் கேட்பது இதனால்தான். சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளைகளில் நாம் திருத்தப்படுகிறோம். குறைவாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஒரே நாள் இரவு முழுதும் தொழுதுவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுபவரைவிட, அன்றாடம் ஐவேளையைப் பேணுபவரின் பாதையே நிலைக்கும்.

ஆனால் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. எரிந்து விழுந்த துணைக்கோள் மீண்டும் மேலேறாது. விழுந்த மனிதனுக்கோ, உயிர் தொண்டைக்குழியை எட்டும்வரை தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் விலகிப்போனவரும் இன்றைய மஃரிபிலேயே திரும்பி வரலாம். வீட்டிலுள்ள தாய்மார்களே! பிள்ளையைச் சுபுஹுக்கு எழுப்பும் உங்கள் ஒரு குரல் சிறியதுதான்; ஆனால் அவன் பாதையைத் திருத்துவது அதுவே.

கருணைமிக்க நாயன் நம்மையும் நம் சந்ததிகளையும் நேர்வழியில் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.