‘இல்லை’ என்று எழுதலாமா?

பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஓர் இளைஞன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயதிலே, கூட்டாளிகளின் பேச்சைக் கேட்டுத் தோட்டத்து மரம் ஒன்றை வெட்டி விற்றான், பிடிபட்டான். வழக்கு இழுபட்டால் நாட்சம்பளம் போய்விடுமே என்று பயந்த தகப்பன், “ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிடுடா” என்றார். பதுளை நீதிமன்றத்திலே அப்படியே செய்தான். அன்றோடு முடிந்தது என்றுதான் வீட்டார் எல்லோரும் நினைத்தார்கள். பன்னிரண்டு வருடங்களின் பின், மனைவி பிள்ளைகளோடு வாழும் அவன் ஒரு வேலைக்கு மனுப்போடுகிறான். படிவத்திலே ஒரு கேள்வி: நீர் எப்போதாவது நீதிமன்றத்தினால் குற்றவாளியாகக் காணப்பட்டதுண்டா? கிராம சேவகர் கொடுக்கும் நற்சான்றிதழிலும் இந்தக் கேள்வி உண்டு.

பேனா கையிலே இருக்கிறது. என்ன எழுதுவான்?

“உள்ளதை எழுது” என்று சொல்ல நமக்கு ஒரு நிமிடம் போதும். எட்டாம் கற்பனையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் புத்தி சொல்லும் நமக்கு அதனாலே ஒரு நட்டமும் இல்லை. ‘ஆம்’ என்று எழுதினவனுடைய மனு மேசையிலே தூங்கும். ‘இல்லை’ என்று எழுதினவன், அகப்படாதவரையில், சம்பளம் வாங்குவான். உண்மை பேசுகிறவனே தண்டம் கட்டும்படியான கேள்வி இது.

பிரித்தானியாவிலே இந்தச் சங்கடத்தை 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஓரளவு தீர்த்தது. சிறு தண்டனை பெற்றவன் குறித்த காலம் ஒழுங்காக நடந்தால், அத்தண்டனை காலாவதியானதாகிவிடும். பிறகு அவன் ‘இல்லை’ என்று எழுதினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பொய்யல்ல. சிறுபிள்ளைகளைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அது நியாயந்தான். கனடாவிலே 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, தண்டனை முடித்தவன் மனுப்போட்டு மன்னிப்புப் பெறலாம். பழைய பதிவு தனியே ஒதுக்கி வைக்கப்படும். 2012இல் ‘மன்னிப்பு’ என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது.

நம் நாட்டிலே 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை, மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்கிறது. வெசாக்கிலும் நத்தாரிலும் சிறைக்கதவு திறப்பது அதனாலேதான். மிருசுவிலிலே எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரணதண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர் 2020 மார்ச்சில் அப்படி வெளியே வந்தார். 2021 ஜூனிலே, பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் பதினாறு பேருக்கு விடுதலை கிடைத்த அதே நாளில், கொலைக் குற்றத்துக்கு மரணதண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. கொலையுண்டவரின் மனைவியும் மகளும் வழக்காடினார்கள். 2024 ஜனவரியிலே உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்புச் செல்லாது என்றது. பெரிய இடத்து மனு மேலிடம்வரை போகிறது. ஒரு மரம் வெட்டினவனோ எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் நிற்கிறான்.

பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரை 1981 மே 13இல் சுட்டவனை நாம் மறக்கவில்லை. நான்கு நாட்களிலே பாப்பரசர் மன்னித்துவிட்டார். 1983 நத்தாருக்கு மறுநாளைக்கு அடுத்த நாள் சிறைக்கே போய் அவனோடு பேசினார். ஆனாலும் இத்தாலிய அரசு மன்னித்தது 2000ஆம் ஆண்டிலேதான். நோவுபட்டவர் மன்னிப்பது ஒன்று, அரசு மன்னிப்பது வேறொன்று. பழைய ஏட்டை மூடிவைப்பது இவை இரண்டிலும் சேராத மூன்றாவது காரியம். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே பதிவேடு கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மனிதனைத் துரத்தும் காகிதம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. கடன் விபரம் எழுதின ‘துண்டு’ இல்லாமல் நம் முன்னோர் வேறு தோட்டத்திலே பேர் பதிய முடியாதிருந்தது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி மறியல். இன்று அதைக் குற்றமென்று யார் சொல்வார்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “ஒத்துக்கொள்” என்று சொல்லுமுன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி, குற்றம் எண்பிக்கப்பட்டாலும், வயதையும் குற்றத்தின் சிறுமையையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விடுவிக்க நீதவானால் முடியும். அதைக் கேட்க ஆளில்லாதபடியாலேயே பல பிள்ளைகள் ஆயுள் முழுவதும் ஒரு வரியைச் சுமக்கிறார்கள்.

நம் இளைஞனுக்கு என்ன சொல்வது? இன்றுள்ள சட்டத்தின்படி ‘ஆம்’ என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அந்தப் படிவத்தோடு இன்னொரு கடிதமும் போகவேண்டும். ‘நன்னடத்தையுள்ளவர்’ என்று பங்குச் சுவாமியார் வழமையாக எழுதும் ஒற்றை வரி இதற்குப் போதாது. எந்த வருடம், என்ன வயது, என்ன குற்றம், எவ்வளவு தண்டம், அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருடமும் எப்படி உழைத்தான், யார் வீட்டுச் சாவுக்கு முன்னாலே போய் நின்றான் என்பதையெல்லாம் சுவாமியாரும், பாடசாலை அதிபரும், தொழிற்சங்கத் தலைவரும் தம் பெயரைப் போட்டு எழுதிக் கொடுக்கட்டும்.