அளந்தவர்க்கு அச்சம் ஏது?

பீர் நொதித்து முடிந்துவிட்டது என்று உனக்கு யார் சொன்னது, நண்பா? தொட்டி மூடியின் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதா? செய்முறைத் தாளில் பத்து நாள் என்று போட்டிருக்கிறதா? உனக்கு முன்பே பீர் காய்ச்சிப் பழகியவர், ‘இனி பாட்டிலில் அடைக்கலாம்’ என்றாரா? உன் தொட்டிக்குள் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்பது இவற்றில் எதற்கும் தெரியாது. மூடி சரியாக இறுகாவிட்டாலே குமிழி நின்றுவிடும். நொதிப்பு முடிந்த பிறகும், அறை சூடேறினால் குமிழி கிளம்பும். உண்மையைச் சொல்வது இறுதி அடர்த்தி ஒன்றுதான். அதை உன் கையாலேயே துல்லியமாக அளக்க முடியும். திரவத்தில் மிதந்து அடர்த்தி காட்டும் ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஓர் உயரமான குடுவை போதும்.

இங்கிலாந்தின் ஆல்டன் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்பவர் பீர் காய்ச்சினார். கையை விட்டுச் சூடு பார்த்து, நாக்கில் வைத்து வலுப் பார்த்த காலம் அது. புதுமை என்றாலே அவருடைய தந்தைக்கு ஆகாது. அதனால் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்துத்தான் பயன்படுத்தினார். பிறகு பெஞ்சமின் மார்ட்டின் செய்த ஹைட்ரோமீட்டரை வாங்கினார். எடுத்த அளவுகளோடு லண்டனின் பீர் ஆலைப் பெருமுதலாளி சாமுவேல் விட்பிரெட் முன் போய் நின்றார். அவர் காது கொடுக்கவில்லை. அதற்காக பேவர்ஸ்டாக் கருவியைக் கீழே வைத்துவிடவில்லை! சவுத்வார்க்கில் ஆலை நடத்திய ஹென்றி திரேல் அவர் சொன்னதைக் கேட்டார், ஊக்கம் தந்தார். 1784இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சனும், 1785இல் பேவர்ஸ்டாக்கும் இந்த அளவைமுறை பற்றி நூல் வெளியிட்டார்கள். பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் அதிகச் சத்து இறங்குகிறது என்பதை அந்தக் கருவி காட்டிக்கொடுத்தது. போர்ட்டர் என்ற கரும் பீரைக் காய்ச்சும் முறையே அதன்பின் மாறியது. பணமும் பழக்கமும் சேர்ந்து நின்றும் ஓர் எண்ணை அசைக்க முடியவில்லை, பார்த்தாயா?

வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை பிரிட்டன் 1963இல்தான் நீக்கியது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது 1978இல். உரிமையைச் சட்டம் தந்துவிட்டது. துல்லியத்தை நீதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஹைட்ரோமீட்டரைச் சோதி. அதில் 20 டிகிரி செல்சியஸ் என்று பொறித்திருந்தால், அதே வெப்பத்தில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் மிதக்க விடு. 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டுகிறதா? தூக்கி எறியாதே, ஒவ்வொரு முறையும் 0.002 கழித்துக்கொள். குறை இன்னதென்று தெரிந்துவிட்டால் அது நல்ல கருவிதான். அடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் கரைந்திருக்கும் கரியமில வாயு. பலரும் இதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குமிழிகள் தண்டில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும்; எண் பொய்யாக உயரும். காபி ஆற்றுவதுபோல இரண்டு தம்ளருக்கு இடையே வீசி ஆற்று, நுரை அடங்கட்டும். பிறகு கருவியை விட்டு லேசாகச் சுழற்று. கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, தண்டோரம் ஏறும் வளைவை விட்டுவிட்டு, தட்டையான மட்டத்தைப் படி. மாதிரி 30 டிகிரியில் இருந்தால் சுமார் 0.0025 கூட்டு. அளந்ததைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதே. ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரை மட்டும் வைத்து இறுதி அளவு எடுக்கவும் துணியாதே; ஆல்கஹால் அதை ஏமாற்றும், திருத்தக் கணக்கு இல்லாமல் அந்த எண் செல்லாது.

இவ்வளவும் எதற்கு என்கிறாயா? 1.010 வரை இறங்க வேண்டிய பீரை 1.018இல் அடைத்தால், மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்னும். ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறத்தாழ அரை கிராம் வாயு! கண்ணாடி வெடிக்கும், சில்லு கண்ணில் பாயும். நண்பர்கள் காத்திருந்தாலும் ‘இன்னும் ஆகவில்லை’ என்று சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். எண் கையில் இருந்தால் அந்தத் துணிவு தானாக வரும்.

பீர் எந்த எண் வரை இறங்கும், அந்த எல்லை எங்கே என்று முன்பே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. காய்ச்சிய அன்றே இன்னும் நொதிக்காத மால்ட் சாறான வோர்ட்டைக் கொஞ்சம் தனியே எடுத்து, ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, கதகதப்பான இடத்தில் வை. பெரிய தொட்டிக்கு முன்பே அது நொதித்து முடியும். அது நிற்கும் எண்தான் உன் பீர் இறங்கக்கூடிய அடிமட்டம். பெரிய தொட்டி அதற்கு வெகு மேலே தங்கிவிட்டால் கலங்காதே: சற்றே சூடேற்று, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெல்லக் கிளப்பு, காத்திரு.

தேதி, வெப்பம், எண் மூன்றையும் நோட்டில் எழுது. 1.050இல் தொடங்கி 1.010இல் நின்றால், வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கு: 5.25 சதவீத ஆல்கஹால், உன் கணக்கில், உன் கையெழுத்தில். நேற்று 1.012, இன்று 1.011 என்றால் பாட்டிலைத் தொடாதே. எல்லையைத் தொட்டு, மூன்று நாளாக அதே எண் நிற்கிறதா? யாரிடமும் கேட்காதே. பாட்டில்களைக் கழுவிக் கிருமி நீக்கு, அடை!